ரிச்சர்ட் தாம்சனும் கூட்டாளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சர்ட் தாம்சனின் பாட்டு ஒன்றை யாருக்காவது அனுப்பிவைத்தால், திரும்பி வருவது பெரும்பாலும் கேள்விகள்தான். யார் இவர், எப்போதிலிருந்து வாசிக்கிறார், இவரைப் பற்றி ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று வரிசையாகக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பிரிட்டிஷ் ஃபோக் ராக் (நாட்டுப்பாடலும் ராக்கும் கலந்த இசை) பக்கமே இதுவரை வராதவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்கள் பாதியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

யார் இந்த ரிச்சர்ட் தாம்சன்?

1949 ஏப்ரல் 3 அன்று லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் போலீஸில் துப்பறியும் அதிகாரி, ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பவர். வீட்டில் ஜாங்கோ ரைன்ஹார்ட், லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர்களின் ரெக்கார்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஜிம்மி ஷாண்ட் என்ற அக்கார்டியன் கலைஞரின் ஸ்காட்டிஷ் நடன இசையும் கேட்கும். இந்தக் கலவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பள்ளியில் ஹியூ கார்ன்வெல்லோடு ஒரு பேண்ட் நடத்தினார். அந்த கார்ன்வெல்தான் பிற்பாடு ஸ்ட்ராங்லர்ஸ் குழுவில் பேர் வாங்கியவர். படிப்பு முடிந்ததும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் செய்யும் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகினார் தாம்சன். 1967இல், பதினெட்டு வயதில், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு உருவானபோது முன்னணி கிட்டார் அவர் கையில் இருந்தது. அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. 2024இல்கூட ‘ஷிப் டு ஷோர்’ என்று புது ஆல்பம் கொடுத்தார்.

கிட்டார் வாசிப்பவர், பாட்டு எழுதுபவர், பாடுபவர் என்று மூன்று வேலையும் பார்ப்பவர். மூன்றில் எது பெரிது என்று ரசிகர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் நடக்கும்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

லண்டன் மஸ்வெல் ஹில்லில் ‘ஃபேர்போர்ட்’ என்று ஒரு வீடு. இன்னொரு கிட்டார் கலைஞரான சைமன் நிக்கோலின் அப்பா மருத்துவராக அங்கே பணி செய்தவர். பையன்கள் கூடி ஒத்திகை பார்த்த இடம் அது. அங்கே கூடியதால் அந்தப் பெயர்.

பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்று எதைச் சொல்கிறார்கள்? அமெரிக்க ஃபோக் ராக்கும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை. அமெரிக்காவில் பாப் டிலன், பேர்ட்ஸ் குழு போன்றவர்கள் செய்தது, ஃபோக் பாணியில் எழுதிய புதுப் பாடல்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்தது. ஃபேர்போர்ட் குழுவும் அந்த வழியில்தான் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் அவர்களை ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் என்ற அமெரிக்க ராக் குழுவின் இங்கிலாந்துப் பதிப்பு என்றே பலர் நினைத்தார்கள். டிலன் பாடல்களை நிறையப் பாடினார்கள். ஒன்றை பிரெஞ்சு மொழியில் மாற்றிப் பாடி, அது பிரிட்டிஷ் தரவரிசையில் 21ஆம் இடம் வரை போனது.

1969இல் பாதை திரும்பியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிராமங்களில் பல தலைமுறையாக வாய்வழி வந்த கதைப்பாடல்களை, அந்த மெட்டுகளின் அமைப்பைக் குலைக்காமல் ராக் குழுவின் பலத்தோடு வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தத் திருப்பம் நடந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டுமென்றால் ஒரே ஒரு பதிவைச் சொல்வேன்.

அது எந்தப் பதிவு?

‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ ஆல்பத்தில் உள்ள ‘எ செய்லர்ஸ் லைஃப்’. பதினொரு நிமிடம் ஓடும் பழைய நாட்டுப்பாடல். 1968இல் குழுவில் சேர்ந்த சாண்டி டென்னி, ஃபோக் கிளப்புகளில் தனியாகப் பாடி வளர்ந்தவர். மேடைக்குப் பின்னால் இந்தப் பாட்டை அவர் பாட, மற்றவர்கள் கூடவே வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஸ்டூடியோவில், ஃபிடில் (வயலின்) வாசிக்க டேவ் ஸ்வார்ப்ரிக்கை விருந்தாளியாக அழைத்து, ஒரே டேக்கில் பதிவு செய்துவிட்டார்கள்.

கேட்கும்போது கவனியுங்கள். முதல் சில நிமிடங்களில் தாளம் என்று உறுதியாக எதுவும் இல்லை. டிரம்ஸில் மார்ட்டின் லேம்பிள் சிம்பல்களை மெல்லத் தொட்டுக்கொண்டே இருப்பார். சாண்டி அவசரப்படாமல் கதையைச் சொல்வார். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடைவெளியில்தான் தாம்சனின் கிட்டார் இரண்டு மூன்று சுரங்களைச் சொல்லிவிட்டு விலகும். கதை முடிந்த பிறகுதான் கிட்டாரும் ஃபிடிலும் நேருக்கு நேர் பேசத் தொடங்கும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார், அப்புறம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், டிரம்ஸ் முழு வேகத்துக்கு வரும். தாம்சனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பக்கத்தில் வாசிப்பவரின் ஒவ்வொரு அசைவையும் அந்த வயதிலேயே கேட்டுக் கேட்டு வாசித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்கு அடிப்படையே இந்தக் காதுதான்.

1969 விபத்து பற்றிச் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

1969 மே 12 அதிகாலை. பர்மிங்காமில் ‘மதர்ஸ்’ என்ற கிளப்பில் கச்சேரி முடித்து லண்டனுக்குத் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்மர் மார்ட்டின் லேம்பிள் இறந்துபோனார். வயது 19. தாம்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் இறந்தார். அவர் இசைக்கலைஞர்களுக்கு உடை தைத்துத் தந்தவர். இசைக்கலைஞர் ஜாக் புரூஸ் தன் முதல் தனி ஆல்பத்துக்கு ‘சாங்ஸ் ஃபார் எ டெய்லர்’ என்று பெயர் வைத்தது இவர் நினைவாகத்தான்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கலைக்கவில்லை. அந்தக் கோடையில் வின்செஸ்டர் அருகே ஃபார்லி சேம்பர்லைன் என்ற கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்கினார்கள். ஸ்வார்ப்ரிக் முழுநேர உறுப்பினரானார். டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ் வந்தார். பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், நாட்டுப்பாடல்களுக்கான ஆவணக் காப்பகம் இருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸுக்குப் போய்ப் பழைய பாடல்களைத் தேடினார். ஏழு மாதத்துக்குள், அதே ஆண்டு டிசம்பரில், ‘லீஜ் அண்ட் லீஃப்’ வெளிவந்தது. 2006இல் பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுகளில், எல்லாக் காலத்துக்கும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பமாக நேயர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆல்பத்தைக் கேட்கும் பலருக்கு அதன் பின்னால் இருக்கும் துக்கம் தெரியாது. தெரியாமல் கேட்டாலும் ஒன்றும் குறையாது. தெரிந்து கேட்டால் அந்தப் பிள்ளைகளின் வயது நெஞ்சில் உறைக்கும்.

அவர் கிட்டாரில் அப்படி என்ன தனித்தன்மை?

1960களின் கடைசியில் லண்டனில் திறமையான இளம் கிட்டார் கலைஞர்கள் நிறைய. ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்க ப்ளூஸ் படித்துக்கொண்டிருந்தார்கள். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன் எல்லாம் அந்தப் பள்ளி. தாம்சன் வேண்டுமென்றே அதிலிருந்து விலகி நின்றார். பேக்பைப், ஃபிடில், அக்கார்டியன் ஆகியவற்றின் மொழியைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அப்பாவின் வீட்டில் ஓடிய ஸ்காட்டிஷ் ரெக்கார்டுகளின் பங்கு இங்கேதான் தெரிகிறது. சுரங்களை ப்ளூஸ்காரர்கள் போல இழுத்து உருக்குவதைவிட, பேக்பைப் வாசிப்பவர் போல குட்டிக் குட்டி அலங்காரங்களைச் சுரத்தின்மேல் வைப்பார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரில் அது கேட்கும்போது கூர்மையாக, சில சமயம் கோபமாக ஒலிக்கும்.

வலது கையைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இருக்கும். அது தடித்த தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். நடுவிரலும் மோதிர விரலும் சும்மா இருக்காமல் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கும். இதனால் ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைச் செய்ய முடிகிறது. கீழே ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, மேலே மெட்டு நகரும். தம்பூரா சுருதியில் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். கார்டுகள் மாறிக்கொண்டே போகும் மேற்கத்திய இசையில் ஒட்டாமல் நிற்பவர்கள்கூட தாம்சனிடம் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சோலோவில், அதாவது தனி வாசிப்பில், அவர் எடுக்கும் துணிச்சல். ‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’ பாட்டில் வரும் சோலோவைக் கேட்டால், பாதுகாப்பான சுரத்தில் போய் உட்கார அவருக்கு விருப்பமே இல்லை என்பது தெரியும். தடுமாறப்போகிறார் என்று நாம் நினைக்கும் இடம் வரை போய், அங்கிருந்து ஒரு திருப்பத்தில் பாட்டுக்குள் வந்து விழுவார். மேடையில் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வாசிப்பார். ரசிகர்கள் ஒரே பாட்டின் பல மேடைப் பதிவுகளைத் தேடிச் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஹிட் பாடலே இல்லாதவருக்கு எப்படி இவ்வளவு ரசிகர்கள்?

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். 1972இல் வந்த முதல் தனி ஆல்பம் ‘ஹென்றி தி ஹியூமன் ஃப்ளை’ படுதோல்வி. அட்டையில் ஈ வேஷம் போட்டு நிற்பார். விற்கவே இல்லை. இன்று ரசிகர்கள் அதைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஹிட் கொடுப்பவருக்குக் கூட்டம் சேரும், அடுத்த ஹிட்டைக் கேட்டு நச்சரிக்கும். தாம்சனுக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக, ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சேர்ந்தவர்கள். இவர் என்ன வாசித்தாலும் கேட்கத் தயாராக இருப்பவர்கள். அதனால்தான் அவரால் மேடையில் எதையும் செய்ய முடிகிறது. ரசிகர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பாட்டையெல்லாம் வாசிக்கும் கச்சேரிகள்கூட நடத்தியிருக்கிறார்.

1999இல் பிளேபாய் இதழ், கடந்த ஆயிரம் ஆண்டுகளின் சிறந்த பாடல்கள் எவை என்று கலைஞர்களிடம் பட்டியல் கேட்டது. மற்றவர்கள் இருபதாம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. தாம்சன் ஆயிரம் ஆண்டு என்றால் ஆயிரம் ஆண்டுதானே என்று இடைக்காலப் பாடல்களிலிருந்து தொடங்கிப் பட்டியல் போட்டு அனுப்பினார். இதழ் அதைப் போடவில்லை. அவர் விடவில்லை. ‘ஆயிரம் ஆண்டு ஜனரஞ்சக இசை’ என்று அதையே ஒரு கச்சேரியாகவும் ஆல்பமாகவும் ஆக்கினார். பதிமூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாட்டில் ஆரம்பித்து பிரிட்னி ஸ்பியர்ஸ் வரை வரும். பிரிட்னி பாட்டைக் கேலியாக வாசிக்காமல், அதில் இருக்கும் நல்ல மெட்டை வெளியே எடுத்து வாசிப்பார். இப்படிப்பட்ட ஆளை ஒருமுறை பிடித்துப்போனால் விட முடியுமா?

லிண்டா தாம்சன் யார்?

லிண்டா பீட்டர்ஸ் என்ற பாடகி. 1972இல் தாம்சனை மணந்தார். 1974இல் இருவரும் சேர்ந்து கொடுத்த ‘ஐ வாண்ட் டு ஸீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்’ என் கணக்கில் பிரிட்டிஷ் ஃபோக் ராக்கின் மிகச் சிறந்த ஆல்பம். லிண்டாவின் குரலில் அழுகை இருக்காது. சோகமான வரியை நேராக நின்று சொல்லிவிட்டுப் போவார். கேட்பவர்தான் உடைவார். தாம்சன் எழுதிய இருண்ட பாடல்களுக்கு அந்தக் குரல்தான் வெளிச்சம்.

1982இல் வந்த ‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’ இருவரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம். திருமணம் முறிந்த கதையைச் சொல்லும் ஆல்பம் என்று பலரும் எழுதுவார்கள். பாடல்கள் பிரிவுக்கு முன்பே எழுதப்பட்டவை. அதற்கு முன்னாலேயே ஒருமுறை பதிவாகி, வெளிவராமல் போனவையும் அதில் உண்டு. ஆல்பம் வந்த பிறகு, பிரிந்த நிலையிலேயே இருவரும் அமெரிக்காவில் சேர்ந்து மேடையேறினார்கள். அந்தக் கச்சேரிகளைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்காமல் பேசுகிறார்கள்.

லிண்டாவுக்கு டிஸ்ஃபோனியா என்ற குரல் கோளாறு. நினைத்தபோது குரல் வராது. பல வருடம் பாடாமல் இருந்து, 2002இல் ‘ஃபேஷனப்ளி லேட்’ ஆல்பத்தோடு திரும்பினார். பிறகு குரல் மேலும் ஒத்துழைக்காதபோது, தான் எழுதிய பாடல்களை மற்றவர்களைப் பாடவைத்து 2024இல் ‘ப்ராக்ஸி மியூசிக்’ கொண்டுவந்தார். மகன் டெடி, மகள் காமி இருவரும் இசைக்கலைஞர்கள். 2014இல் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்த ‘ஃபேமிலி’ என்ற ஆல்பம் டெடியின் முயற்சியில் வந்தது. பிரிந்த பெற்றோரைப் பாட்டில் ஒன்றாக உட்காரவைத்த பிள்ளை அவர்.

தாம்சன் முஸ்லிமா?

ஆம். 1970களின் நடுவில் சூஃபி மார்க்கத்தின் வழியே இஸ்லாத்தைத் தழுவினார். கொஞ்ச காலம் இசையை விட்டு ஒதுங்கியும் இருந்தார். 1975இல் வந்த ‘போர் டவுன் லைக் சில்வர்’ ஆல்பத்தில் அந்தத் தேடலின் சாயல் தெளிவாகக் கேட்கும். அதில் உள்ள ‘டிம்மிங் ஆஃப் தி டே’யை மனிதக் காதலாகவும் கேட்கலாம், இறைவனை நோக்கிய ஏக்கமாகவும் கேட்கலாம்.

கூட்டாளிகளில் யாரையெல்லாம் அவசியம் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தாம்சனைத் தனியாகப் பிரித்து எடுத்துப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கிட்டார் எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்குப் பதிலாகத்தான் வருகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் யார் என்று தெரிந்தால்தான் பதிலின் அருமை தெரியும்.

சாண்டி டென்னி: ‘ஹூ நோஸ் வேர் தி டைம் கோஸ்’ எழுதிப் பாடியவர். லெட் செப்பலின் குழுவின் பாடல் ஒன்றில் அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட்டோடு சேர்ந்து பாடினார். ஃபேர்போர்ட்டை விட்டுப் போன பிறகும் அவருடைய தனி ஆல்பங்களில் தாம்சன் வாசித்தார். 1978 ஏப்ரலில், 31 வயதில் இறந்துவிட்டார். அவர் குரலில் ஒரு பாட்டு தொடங்கினால் நான் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுவேன்.

டேவ் ஸ்வார்ப்ரிக்: ஃபிடில். தாம்சனோடு சேர்ந்து ‘ஸ்லாத்’ போன்ற பாடல்களை எழுதியவர். ‘ஃபுல் ஹவுஸ்’ ஆல்பத்தில் இவர்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்வதைக் கேட்க வேண்டும். 1999இல் இவர் கோவென்ட்ரி மருத்துவமனையில் உயிரோடு இருக்கும்போதே ஒரு பெரிய நாளிதழ் இரங்கல் கட்டுரை வெளியிட்டுவிட்டது. ‘கோவென்ட்ரியில் நான் செத்தது இது முதல் தடவை இல்லை’ என்றார் ஸ்வார்ப்ரிக் (மேடையில் சொதப்புவதையும் ஆங்கிலத்தில் சாவு என்பார்கள்). நுரையீரல் நோயில் அவர் கஷ்டப்பட்ட அந்த ஆண்டுகளில் ரசிகர்களும் சக கலைஞர்களும் ‘ஸ்வார்ப்எய்ட்’ என்ற பெயரில் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மறுபடி மேடைக்கு வந்து, 2016 வரை இருந்தார். ரசிகர்களின் அன்பு என்று நான் சொல்வது வெறும் கைதட்டலை அல்ல.

டேவ் மாட்டக்ஸ்: நடன அரங்கு பேண்டுகளில் வாசித்துவிட்டு வந்தவர், ஃபோக் பின்னணி கிடையாது. அதனால்தானோ என்னவோ, நாட்டுப்பாடலுக்கு டிரம்ஸ் எப்படி வாசிப்பது என்பதை அவரே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேவையில்லாத அடி ஒன்றுகூட இருக்காது.

டேவ் பெக்: பேஸ் கிட்டார். பின்னாளில் ஜெத்ரோ டல் குழுவிலும் பல வருடம் வாசித்தார்.

டேனி தாம்சன்: டபுள் பேஸ், நிற்கவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம். பெயர் ஒற்றுமைதான், உறவு இல்லை. பென்டாங்கிள் குழுவில் இருந்தவர். தன் டபுள் பேஸுக்கு ‘விக்டோரியா’ என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு தாம்சன்களும் மட்டும் மேடையில் நிற்கும் பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். கிட்டார் ஓடும், டபுள் பேஸ் பாடும்.

நிக் டிரேக்: இவர் ஆல்பங்களில் தாம்சன் விருந்தாளி. ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் அவருடையது. எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று பாருங்கள். தயாரிப்பாளர் ஜோ பாய்ட் இருவருக்கும் பொது. ஃபேர்போர்ட் பையன்களைக் கிளப்பில் பார்த்து ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனவரும் அவர்தான்.

அந்த மோட்டார்சைக்கிள் பாட்டு ஏன் இவ்வளவு பிரபலம்?

‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’. 1991இல் ‘ரூமர் அண்ட் ஸை’ ஆல்பத்தில் வந்தது. வின்சென்ட் என்பது இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் ஊரில் தயாரான 998 சிசி மோட்டார்சைக்கிள். பிளாக் லைட்னிங் அதன் பந்தய வகை. முப்பது சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள்.

ஜேம்ஸ் என்ற திருடன், செம்பட்டைத் தலைமுடிக்காரி மாலி, ஒரு வண்டி. நாலைந்து நிமிடத்தில் காதல், குற்றம், மரணம் எல்லாம் முடிந்துவிடும். பழைய கதைப்பாடல்களில் கொள்ளைக்காரனுக்குக் குதிரை இருந்த இடத்தில் இங்கே மோட்டார்சைக்கிள் நிற்கிறது. ‘லீஜ் அண்ட் லீஃப்’ காலத்தில் கற்றுக்கொண்ட கதை சொல்லும் முறையை இருபது வருடம் கழித்துத் தன் சொந்தப் பாட்டில் பயன்படுத்தியிருக்கிறார். பேஸ், டிரம்ஸ் எதுவும் இல்லை. ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். கேட்பவர்களில் பாதிப் பேர் இரண்டு கிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

அமெரிக்காவின் டெல் மெக்கரி பேண்ட் இதை ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாணியில் வாசித்து, அந்த உலகத்தில் பெரிய வெற்றி கண்டது. பாட்டு அங்கே ஒரு பாரம்பரியப் பாடல் போலவே ஆகிவிட்டது. 2013இல் பாப் டிலன் மேடையில் இதைப் பாடினார். டிலன் பாட்டைப் பாடித் தொடங்கிய பையனின் பாட்டை டிலனே பாடியது ரசிகர்களுக்கு எப்பேர்ப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

வேறு யாரெல்லாம் அவர் பாடல்களைப் பாடியிருக்கிறார்கள்?

‘டிம்மிங் ஆஃப் தி டே’யை மட்டும் பானி ரெய்ட், டேவிட் கில்மோர், அலிசன் கிராஸ் மூவரும் பாடியிருக்கிறார்கள். பானி ரெய்ட் பாடியது எனக்கு மிகவும் பிடிக்கும். எல்விஸ் காஸ்டெல்லோ ‘விதர்ட் அண்ட் டைட்’ பாடினார். ராபர்ட் பிளான்ட் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ பாடினார். 1994இல் ‘பீட் தி ரிட்ரீட்’ என்று அவர் பாடல்களுக்கே ஒரு மரியாதை ஆல்பம் வந்தது. ஆர்.ஈ.எம்., லாஸ் லோபோஸ் எல்லாம் அதில் உண்டு.

கிராப்ரெடி விழா என்றால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பான்பரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் கிராப்ரெடி. 1979இல் ஃபேர்போர்ட் குழு கலைந்தபோது பிரியாவிடைக் கச்சேரியை அங்கேதான் வைத்தார்கள். அடுத்த வருடமே ஒன்றுகூடல் என்று சொல்லி வந்து வாசித்தார்கள். அது வருடாந்தர ஆகஸ்ட் திருவிழாவாக வளர்ந்து, இருபதாயிரம் பேர் வரை கூடிய காலமும் உண்டு. குழுவில் முன்பு இருந்தவர்களும் வந்து வாசிப்பார்கள். தாம்சனும் பலமுறை வந்திருக்கிறார்.

கடைசிப் பாட்டு எப்போதும் ‘மீட் ஆன் தி லெட்ஜ்’. தாம்சன் பத்தொன்பது வயதுக்குள் எழுதியது. போனவர்களையும் மறுபடி சந்திப்பதையும் பற்றிய பாட்டு. மேடையில் இருப்பவர்கள், மைதானத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். லேம்பிளும் சாண்டியும் ஸ்வார்ப்ரிக்கும் இல்லாத மேடையில் அது எப்படி ஒலிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ரசிகர்கள் பலர் தங்கள் இறுதிச் சடங்கில் இந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று சொல்லிவைக்கிறார்கள்.

இவரைக் கண்டுகொள்ளப்படாத கலைஞர் என்று சொல்வது சரியா?

எனக்கு உடன்பாடு இல்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழின் நூறு சிறந்த கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் 19ஆம் இடம் கொடுத்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ என்ற கௌரவப் பட்டம் பெற்றார். ஐம்பது வருடத்துக்கும் மேலாக அரங்குகள் நிறைகின்றன. இதற்கு மேல் என்ன கண்டுகொள்ள வேண்டும்? அந்தப் புலம்பலைக் கேட்டுப் பரிதாபத்தோடு வருபவர்களுக்கு, முதல் பாட்டிலேயே எதிரில் நிற்பது எவ்வளவு உறுதியான மனிதர் என்று தெரிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

கிட்டாருக்காக வருகிறீர்கள் என்றால் வின்சென்ட் பாட்டை மேடையில் தனியாக வாசிக்கும் காணொளி. பாட்டு எழுத்துக்காக என்றால் ‘பிரைட் லைட்ஸ்’ முழு ஆல்பம். ராக் பழகிய காது என்றால் ‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’. நாட்டுப்பாடல் பிடிக்கும் என்றால் ‘லீஜ் அண்ட் லீஃப்’, அதில் ‘மேட்டி க்ரோவ்ஸ்’ முதலில். கதை முடிந்த பிறகும் நிறுத்தாமல் கடைசி வரை கேளுங்கள், சோலோ அங்கேதான். பிந்தைய காலத்தில் 1999இன் ‘மாக் டியூடர்’, 2018இன் ‘13 ரிவர்ஸ்’ இரண்டும் பலமானவை. 2021இல் ‘பீஸ்விங்’ என்று தன் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். அந்த விபத்து பற்றி அவரே சொல்வதைப் படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

இவரைப் பிடித்தால் அடுத்து வேறு யாரைக் கேட்கலாம்?

பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், மார்ட்டின் கார்த்தி, டேவி கிரஹாம். நால்வரும் அக்கூஸ்டிக் கிட்டாரில் தாம்சனுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள். கிரஹாம்தான் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற டியூனிங்கை (தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையை) பரப்பியவர். அரபு இசையையும் இந்திய ராகங்களையும் கேட்டு அவற்றைக் கிட்டாரில் முயன்று பார்த்தவர். ஜான்ஷிடமிருந்து லெட் செப்பலின் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் உட்பட ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது.

நான் கிட்டார் பழகுகிறேன். வின்சென்ட் பாட்டை வாசிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். முதலில் டியூனிங். தடித்த ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்குங்கள். ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். மற்ற நான்கையும் தொட வேண்டாம். கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) மூன்றாம் ஃப்ரெட்டில் போடுங்கள். மெல்லிய தந்திகள் வழக்கம்போலவே இருப்பதால் இடது கைக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை. கஷ்டம் எல்லாம் வலது கையில்தான்.

பிக்கைப் பிடித்துக்கொண்டு ஆறாம், ஐந்தாம் தந்திகளை மட்டும் மாற்றி மாற்றி, மெட்ரோனோம் வைத்து மிக மெதுவாக வாசியுங்கள். வேறு எதையும் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அதை வாசிக்க முடிந்த பிறகு, நடுவிரலால் இரண்டாம் தந்தியில் ஒரே ஒரு சுரத்தைச் சேருங்கள், அப்புறம் மோதிர விரல். பிக் பிடிக்க வரவில்லை என்றால் கட்டைவிரலாலேயே தொடங்கலாம். ஒலி கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான். வேகத்தைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம். மெதுவாக வாசித்தாலும் இந்தப் பாட்டு நன்றாகவே இருக்கும்.